வயசுக்கு ஒரு சொட்டு

என் காசிம் காக்காவுக்கு,

நம் டாக்டர்களின் கல்விக் கழகத்தின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. தலைவர் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டுமாம். "அன்னாரின் அரும்பணி" என்று தொடங்கி மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். உங்களை அன்னார் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்பீர்கள். இருக்கிறேன். பாம்பன் ஸ்டேஷனுக்குப் பின்னால் அதே வீடு, முன்னறையில் அதே கிளினிக். அம்மா போன பிறகு, நோயாளிகள் கிளம்பிவிட்டால் வீட்டில் பேச ஆளில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் சர்ச்சில் காலைப் பூசை முடித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு ரயில் ஏறுகிறேன். சமீபம்வரை, நான் கழகக் கூடத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார்கள். என்னோடு யாரும் சண்டை போட்டதில்லை, காக்கா. நாம் இருவரும் போட்ட சண்டைகள் எத்தனை!

நாம் முதலில் சந்தித்தது ஒரு சாவில்தான். சுதந்திரம் வந்த மறு வருஷம். பாம்பனில் சங்கு குளிக்கப் போகிறவர் ஒருவரின் மனைவிக்குக் காசநோய் மூளைக்கு ஏறிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழக்கரையில் அனுபவப்பட்ட டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி உங்களை அழைத்து வந்தார்கள். நீங்கள் பார்த்துவிட்டு வெளியே வந்து, "நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா" என்றீர்கள். நான்கு நாளில் அந்தப் பெண் இறந்துபோனாள்.

இரண்டு வாரம் கழித்து நீங்களாகவே திரும்பி வந்தீர்கள். கையில் ஒரு பழைய இங்கிலீஷ் பேப்பர். அந்த நோய்க்குப் புது ஊசி ஒன்று வந்திருக்கிறது என்று அதில் போட்டிருந்தது.

"மருந்து மதராஸ்ல இருந்திருக்கு அன்னம்மா. நம்மளுக்குத்தான் தெரியல. பள்ளிக்கூடம் வேண்டியது புள்ளைகளுக்கு மட்டுமா? தொழில் பாக்குற டாக்டருக்குத்தான் முதல்ல வேணும்."

"சரிங்க டாக்டர் சார்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"இங்கன ரெண்டு பேருமே டாக்டர்தான். எங்க ஊர்ல அண்ணனைக் காக்கான்னு சொல்லுவோம். அப்படிக் கூப்பிடு, போதும்."

அண்ணன் தம்பி இல்லாமல் பிறந்தவள் நான். அப்படிக் கூப்பிடப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

மாவட்ட மருத்துவச் சங்கம் அப்போதே இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கூடும், மாலை போடும், விருந்து சாப்பிட்டுக் கலையும். அதன் கீழே ஒரு கல்விக் கழகம் வேண்டும் என்று நீங்கள் ஒவ்வொரு டாக்டர் வீடாக ஏறி இறங்கினீர்கள். மாதம் ஒரு பாடம், பாடம் சொல்ல மதுரையிலிருந்தோ மதராஸிலிருந்தோ ஒருவர், என்ன பாடம் யார் சொல்வது என்று முடிவு செய்ய ஒரு குழு. நீங்கள் தலைவர். உங்களோடு எட்டுப் பேர். அந்த எட்டில் ஒருத்தியாக என்னைச் செயலாளராகப் போட்டபோது, பெண்பிள்ளை மாதாமாதம் பாம்பனிலிருந்து எப்படி வந்து போவாள் என்று ஒருவர் கேட்டார். "அவங்க ரயில்ல வருவாங்க. நீங்க எதுல வாரீங்க?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தீர்கள்.

விதிப் புத்தகத்தை நீங்களும் நானும் சேர்ந்துதான் எழுதினோம். மினிட்ஸ் விஷயத்தில் நீங்கள் காட்டிய கண்டிப்பு நினைவிருக்கிறதா? என்ன பாடம் சொல்லப்பட்டது, என்ன மருந்து, எவ்வளவு அளவு, எல்லாம் செயலாளர் எழுத வேண்டும். அடுத்த கூட்டத்தில் தலைவர் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "வர முடியாதவன் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் படிப்பான். அதுல என்ன இருக்கோ அதுதான் பாடம்" என்பீர்கள்.

பத்து வருஷம் அப்படி நடந்தது. கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, என் ரயில் நேரம்வரை பேசிக்கொண்டிருப்போம். என் வாழ்க்கையில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த டீக்கடையில்தான்.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரியாதது.

கடைசி ஒன்றரை வருஷத்தில் நீங்கள் மறக்க ஆரம்பித்தீர்கள். முதலில் பெயர்கள். பிறகு, ஒரே பேச்சாளரை ஒரே மேடையில் இரண்டு தடவை அறிமுகப்படுத்தினீர்கள். ஒருமுறை மூன்றாவது ஞாயிறே வந்து, பூட்டிய கூடத்தின் முன்னால் மத்தியானம்வரை நின்றிருக்கிறீர்கள். நான் உங்கள் வலது பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன என்று சீட்டில் எழுதித் தள்ளுவேன். நீங்கள் பேச வேண்டியதை எழுதித் தருவேன். உங்களுக்கு வரும் கடிதங்களுக்கு நானே பதில் போடுவேன். எல்லோரும் உங்களைப் புகழ்ந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமிருந்து காப்பாற்றினேன்?

ஒரு ஞாயிறு, பாடம் சொல்ல மதுரையிலிருந்து வர வேண்டியவர் வரவில்லை. "நானே எடுக்கேன்" என்று எழுந்தீர்கள். குழந்தைகளின் குடல் புழு. நீங்கள் பலமுறை சொன்ன பாடம். அதற்கான எண்ணெய் மருந்தை வயசுக்கு ஒரு சொட்டு கொடுக்க வேண்டும், ஐந்து வயதுக்கு ஐந்து சொட்டு. அதற்குமேல் போனால் விஷம். அன்று நீங்கள், "வயசுக்கு மூணு சொட்டு" என்றீர்கள். ஒருமுறை சொன்னால் வாய் தவறியது எனலாம். இரண்டாம் தடவையும் மூணு என்றுதான் சொன்னீர்கள்.

நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து, "காக்கா, ஒரு சொட்டு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாற்பது பேர் முன்னால் உங்கள் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பழைய டாக்டர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த மருந்தை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பவர்கள். மறுநாள் காலை உட்கார்ந்து எல்லோருக்கும் கார்டு எழுதினேன். "அளவைக் குறிப்பெடுத்ததில் பிழை நேர்ந்திருக்கலாம். வயதுக்கு ஒரு சொட்டு என்று திருத்திக்கொள்ளவும்." மினிட்ஸ் புத்தகத்திலும், தலைவர் வயதுக்கு ஒரு சொட்டு என்று கூறினார் என்றே எழுதினேன். படிக்கிறவர்கள் சரியான அளவைப் படிக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் நீங்கள் அதன் கீழே கையெழுத்துப் போட்டீர்கள்.

சாயல்குடிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ராமலிங்கத்தை உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒல்லியாக, எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்து எழுதுபவர். என் கார்டு அவருக்கு நாலாம் நாள் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்றாம் நாளே மாரியூரில் ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு அவர் பதினைந்து சொட்டு கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் பாம்பனுக்கு என் வீடு தேடி வந்தார். அதற்குள் மினிட்ஸையும் பார்த்திருந்தார். வாசலிலேயே நின்று கேட்டார்.

"நான் தப்பா கேட்டேனாம்மா? மூணு சொட்டுன்னு என் நோட்டுல இருக்கு. உங்க புஸ்தகத்துல ஒண்ணுன்னு இருக்கு. நான் செவிடா, பைத்தியமா?"

"உள்ள வாங்க" என்றேன்.

"பதிலச் சொல்லுங்க, பெறகு வாரேன்."

"நீங்க கேட்டது சரிதான். அவர் மூணுன்னுதான் சொன்னாரு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "மருந்துப் புஸ்தகத்தையும் பார்த்தேம்மா. குறைவாத்தான் போட்டிருந்துச்சு. இத்தனை வருஷ அனுபவத்துல பெரியவர் சொல்றாரேன்னு அவரை நம்பினேன்."

மறுநாளே அவரோடு மாரியூர் போனேன். அந்தக் குழந்தையின் பெயர் முத்துமாரி. இரண்டு நாள் வலிப்பில் கிடந்து, உயிர் பிழைத்திருந்தாள். கரையில் உட்கார்ந்து வலையின் மிதவைக் கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா காளியம்மா ஒரு பித்தளைத் தட்டை எடுத்துக் குழந்தையின் தலைக்குப் பின்னால் ஓங்கித் தட்டினாள். எனக்குக் காது வலித்தது. குழந்தை கட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குதம்மா. நெதமும் கூப்பிட்டுப் பாக்கேன்" என்றாள் காளியம்மா.

ராமலிங்கம் அவளிடம், "மருந்து கூடிப்போச்சு, என் தப்பு" என்று முன்பே சொல்லியிருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று சொல்லவில்லை. நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் கேட்டது இரண்டுதான். உங்களைத் தலைவர் பதவியிலிருந்து பெயர் சொல்லி நீக்க வேண்டும். மினிட்ஸைத் திருத்த வேண்டும். நான் பேரம் பேசினேன், காக்கா. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். தலைவர் மூன்று வருஷத்துக்கு மேல் தொடரக் கூடாது என்று பொதுவாக ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன், அதில் நீங்கள் தானாக வெளியேறிவிடுவீர்கள், உங்களுக்குக் காரணம் தெரிய வேண்டாம் என்றேன்.

"மினிட்ஸ்?"

"அவர் இறங்கினதும் திருத்துறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

தீர்மானத்துக்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிடத்தான் கீழக்கரைக்கு வந்தேன். நெய்ச்சோறு ஆக்கி வைத்து, சாப்பிடு சாப்பிடு என்றீர்கள். மதராஸிலிருந்து யாரை அழைக்கலாம் என்று ஒரே பெயரை நாலு தடவை சொன்னீர்கள். அடுப்படியில் கதீஜா மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்துத் தொழுகைக்குப் போனவங்க வீட்டுக்கு வழி தெரியாம நின்னுருக்காங்க. நம்ம புள்ளைதான் கூட்டியாந்தான்" என்றார்கள். அவர்களிடமும் சொல்லவில்லை. கையில் ஒரு பொட்டலம் தொதல் அல்வாவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கூட்டத்தன்று பார்த்து நீங்கள் பழைய காசிம் காக்காவாக வந்து உட்கார்ந்தீர்கள். என் சீட்டு எதுவும் உங்களுக்குத் தேவைப்படவில்லை. தீர்மானத்தை நிதானமாக வாசித்தீர்கள். வாசிக்கும்போதே புரிந்துவிட்டது என்பது குரலில் தெரிந்தது. கை தூக்கச் சொன்னீர்கள். ஆதரவாக நாலு, என் கையையும் சேர்த்து. எதிர்த்து நாலு.

"அப்ப என் ஓட்டுத்தான்" என்றீர்கள்.

முதுகுளத்தூர் டாக்டர் வேலுச்சாமி எழுந்தார். உங்கள் மேல் உயிராக இருப்பவர். "சார், இது உங்கள வெளிய அனுப்புற தீர்மானம். எதிர்த்துப் போடுங்க, முடிஞ்சிரும்."

"அது எனக்கும் தெரியுது வேலுச்சாமி." என் பக்கம் திரும்பினீர்கள். "ஏன் இதக் கொண்டாந்தே?"

"புதுசா வாரவங்களுக்கும் இடம் வேணும் காக்கா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "நல்ல விதிதான். ஆரம்பத்துலயே எழுதியிருக்கணும்" என்று சொல்லி, ஆதரவாக உங்கள் ஓட்டைப் போட்டீர்கள். உங்களை நீங்களே இறக்கிக்கொண்டீர்கள்.

மாடிப்படியில் உங்கள் பின்னாலேயே ஓடி வந்தேன். இரண்டாவது படியில் நின்று, திரும்பாமலே சொன்னீர்கள்.

"நாற்காலி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எந்திரிச்சுக் குடுத்திருப்பேனே தங்கச்சி. நாலு பேரக் கையத் தூக்க வைக்கணுமா?"

நான் அப்போது சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "உங்கள் வாயால் ஒரு குழந்தையின் காது போய்விட்டது" என்றா? என்னைப் பேராசைக்காரி என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. நீங்கள் கீழக்கரை பஸ்ஸில் ஏறி, கடல் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தீர்கள். கையாட்டவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் போட்டு வைத்திருந்தார்.

அடுத்த மாதம் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. நாற்காலி வேண்டும் என்று எனக்கு ஆசையே இருந்ததில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பத்து வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லா வேலையும் செய்தவள் நான். ஒரு மூலையில் அந்த ஆசை இருந்தது. ஆனால் அதற்காக அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வரவில்லை. இதை நீங்கள் நம்புவீர்களா?

ராமலிங்கத்துக்குக் கொடுத்த சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. இறங்கினதும் என்றேன். இறங்கிய பிறகு, இப்போது போய் உங்களை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு உங்கள் உடம்பு, பிறகு இன்னொன்று. அதற்குள் சாயல்குடிப் பக்கம் அவருக்கு "காதப் போக்கின டாக்டர்" என்று பெயர் விழுந்து, நோயாளிகள் வராமல் போனார்கள். அவர் ஊரை விட்டுத் திருவாடானைக்குப் போய்ச் சேர்ந்தார். கழகத்துக்கு வருவதையும் நிறுத்தினார். பாடத்தை ஒழுங்காகக் கேட்காதவர் என்று நம் உறுப்பினர்களே பேசிக்கொண்டபோது, நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களைப் பார்க்கப் பலமுறை வந்தேன். முதலிரண்டு தடவை உள்ளறையை விட்டு நீங்கள் வெளியே வரவில்லை. கடைசித் தடவை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்து மரியாதையாக, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டீர்கள்.

"பாம்பன்."

"பாம்பன்லயா? அங்கன அன்னம்மான்னு ஒரு டாக்டர் இருக்கா. தெரியுமா? கெட்டிக்காரி." காலால் மணலைக் கிளறினீர்கள். "ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்" என்றேன்.

"பார்த்தா, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

அதன்பின் உங்களை நான் உயிரோடு பார்க்கவில்லை. நீங்கள் மவுத்தான அன்று, பெண்கள் இருந்த அறையில் மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போன சத்தம் தெரு முனைவரை கேட்டது. பிறகு கேட்கவில்லை. யாரோ எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் திருவாடானையிலிருந்து ஒரு கார்டு வந்தது. "பெரியவர் காலமானதற்கு என் அனுதாபங்கள். மினிட்ஸ் என்ன ஆயிற்று?" அவ்வளவுதான். அந்தக் கார்டை மருந்து அலமாரியில் சாய்த்து வைத்திருந்தேன். பத்து மாதம் தினமும் பார்த்தேன்.

போன மாதம் கீழக்கரைக்கு வந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாரியூர் குழந்தையையும், என் மினிட்ஸையும். அவர்கள் அழவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அவங்க உங்க மேல வருத்தமில்லாமப் போனாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன் அன்னம்மா. வருத்தத்தோடதான் போனாங்க. இது தெரிஞ்சிருந்தா உங்க மேல இருந்த வருத்தம் அவங்க மேலயே திரும்பியிருக்கும். எது நல்லதுன்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல மதினி."

"இத்தனை நாள் மூடி வச்சீங்க. இப்ப ஊருக்கெல்லாம் சொல்லப் போறீங்களா?"

"அந்த டாக்டர் என் தப்பையும் சேத்துச் சுமக்காரு மதினி. அவருக்கு ஊர் போச்சு, பேரு போச்சு."

 மதினி, "அப்பச் சொல்லித்தான் ஆகணும்" என்றார்கள். "அவங்க நல்லா இருந்த காலமா இருந்தா, உங்களுக்கு முன்னாடி அவங்களே போய்ச் சொல்லியிருப்பாங்க. அல்லா மேல ஆணையா."

அங்கிருந்து நேரே மாரியூர் போய்க் காளியம்மாவிடமும் சொன்னேன். "யாரு செஞ்சா என்ன, எம்புள்ளைக்குக் காது வருமா?" என்று கேட்டாள்.  அதன்பின் அவளே, "பள்ளிக்கூடம் என்னைக்குத் தெறக்காக?" என்று கேட்டாள். நீங்கள் பதவியிலிருந்து இறங்கிய பிறகு, முத்துமாரியைப் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தேன். பள்ளி திறந்தால் கொண்டுபோய் விடுவதும், லீவுக்குக் கூட்டி வருவதும் நான்தான். தன் பெயரை எழுதுகிறாள். என் பெயரை எழுதச் சொன்னால் ஒரு ரயில் வரைந்து காட்டுகிறாள்.

போன ஞாயிறு குழுவைக் கூட்டினேன். கார்டு போட்டு ராமலிங்கத்தையும் வரவழைத்திருந்தேன். நரைத்துவிட்டார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்து, எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தேன். தலைவர் அன்று கூறியது மூன்று சொட்டு. ஒரு சொட்டு என்று எழுதியது செயலாளரான நான். பிழை டாக்டர் ராமலிங்கம் குறிப்பெடுத்ததில் இல்லை.

வேலுச்சாமி மேசையைத் தட்டினார். "செத்துப்போன மனுசன் எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியுமா? அவர் மேல பழியப் போட உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"அவருக்கு உடம்பு முடியாமப் போச்சு. அது பழி இல்ல. அதைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டே மறைச்சது நான். பொய் எழுதினதும் நான். அந்தப் பழி எனக்குத்தான்."

ராமலிங்கம் எழுந்தார். "இன்னொரு தடவை வாசிங்கம்மா."

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "ஒண்ணு சேத்துக்கங்க. புஸ்தகத்துல அளவப் பார்த்தும் கூடக் குடுத்தது நான். அதுவும் எழுதியிருக்கட்டும்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

எழுதினேன். வேலுச்சாமி எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்கள் கை தூக்கினார்கள். என்னைத் தலைவராக வைத்திருப்பதா வேண்டாமா என்பதை அடுத்த கூட்டத்தில் அவர்களே முடிவு செய்யட்டும் என்று சொல்லி, வயதில் மூத்த உறுப்பினரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே வந்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போது என் இலைக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. திருவாடானை பஸ் புறப்படும்வரை ஸ்டாண்டில் நின்றேன். ராமலிங்கம் என்னைப் பார்த்தார், தலையை அசைத்தார், ஏறிப் போனார். நம் டீக்கடையில் இப்போது வேறு ஆள். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டு ரயிலுக்குப் போனேன்.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது உங்களிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்தேன். பெட்டியில் எதிரே இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

ஒரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். என் தலைமையில் ஒரு விதி வந்திருக்கிறது. மருந்தின் அளவைப் பலகையில் எழுத வேண்டும். இன்னொருவர் எழுந்து அதை உரக்க வாசித்த பிறகுதான் குறிப்பெடுக்க வேண்டும். போன தை மாதம் நானே ஒரு தசமப் புள்ளியைத் தள்ளிப் போட்டுவிட்டேன். பரமக்குடியிலிருந்து வரும் லேடி டாக்டர் ஒருத்தி, சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, சட்டென்று எழுந்து, "மேடம், தப்பு" என்றாள். எனக்கு முகம் எரிந்தது. அடுத்த நிமிஷம் ஆறிவிட்டது. அவ்வளவு நேரம்தான், காக்கா. அவ்வளவு நேரத்துக்கு நீங்கள் தாங்கியிருக்க மாட்டீர்களா? தாங்கியிருப்பீர்கள். நான்தான் உங்களை அவ்வளவு சின்னவராக நினைத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் அவர்கள் என்ன முடிவு செய்தாலும் சரி. பதவியிலிருந்து இறங்கிய பிறகு நீங்கள் அந்தக் கூடத்துக்கு வரவேயில்லை. வராதபடி செய்தது நான். ஆனால் நான் போவேன். யாரும் பேசாவிட்டாலும், ஒவ்வொரு கடைசி ஞாயிறும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்பேன். சொல்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், தவறாகச் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து நிற்பேன். இது நான் உங்களுக்குச் செய்யும் சத்தியம்.

உங்கள் முகத்தைப் பார்த்து எழாமலே இருந்துவிட்ட தங்கச்சி,
அன்னம்மா
பாம்பன்